அப்டேட் போட்டேன், பில் நம்பர் 1 வந்தது

சேலம் செவ்வாய்பேட்டையில் மாமாவின் கொலுசுக் கடைக்கு கம்ப்யூட்டர் வேலை எல்லாம் நான்தான். அங்கே ஒரு பில்லிங் சாப்ட்வேரை நாலு வருஷமாக ஓட்டுகிறேன். பேரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் போன் வரும். கணக்கில் குறை சொல்ல முடியாது. எடை, டச் (வெள்ளியின் சுத்தம்), கூலி, 3% ஜிஎஸ்டி எல்லாம் மில்லிகிராம் சுத்தமாகப் போடும். வம்பு முழுக்க அப்டேட்டில்தான்.

முதல் அடி ஒரு நவம்பரில். ராத்திரி அப்டேட் போட்டுவிட்டுப் போனேன். காலையில் மாமா போன்: "ஏன் மாப்ள, பில்லு ஒண்ணுல இருந்து வருது?" போய்ப் பார்த்தால் 1840-ஐத் தாண்டியிருந்த வரிசை 1-க்குத் திரும்பி, அதற்குள் ஏழு பில் போயிருந்தது. ஒரே நிதியாண்டில் ஒரே நம்பர் இரண்டு பில்லுக்கு இருக்கக் கூடாது என்பது ஜிஎஸ்டி விதி, ஏப்ரலில் போட்ட ஏழு பில்லும் அதே நம்பரில் அங்கே உட்கார்ந்திருக்கிறது. அது போதாதென்று பிரிண்ட் மார்ஜினும், அதாவது தாளின் ஓரத்தில் விடும் இடைவெளியும், போய்விட்டது. நாங்கள் அச்சடித்த பில் தாளில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடிப்பவர்கள், எனவே 48.350 கிராம் என்கிற எடை நகர்ந்துபோய் டச் கட்டத்தில் விழுந்திருந்தது. நாலாம் நம்பர் பில்லோடு பெங்களூர் வியாபாரி பஸ் ஏறியே விட்டார்! அவரைக் கூப்பிட்டு விளக்குவதற்குள் மாமாவுக்கு டீ ரெண்டு முறை ஆறிப்போனது.

காரணம் சின்னதுதான். பில் வரிசை, மார்ஜின், கடை முகவரி எல்லாம் ஒரே ஒரு ஐஎன்ஐ ஃபைலில் (செட்டிங்கை எழுதி வைக்கும் ஃபைல்), அதுவும் சாப்ட்வேர் நிறுவிய அதே போல்டரில் இருக்கிறது. இன்ஸ்டாலர் வரும்போது கம்பெனியின் மாதிரி ஃபைலை அதன் மேலேயே கொட்டிவிட்டுப் போகிறது. இதற்கென்றே விண்டோஸில் புரோகிராம் டேட்டா என்று தனி இடம் உண்டு, அங்கே வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சப்போர்ட்டில் கேட்டேன், "மறுபடி செட் பண்ணிக்கங்க சார்" என்றார்கள். ஃபைலை ரீட் ஒன்லி ஆக்கிப் பார்த்தேன், அதையும் மதிக்கவில்லை.

சரி, நான் மட்டும் யோக்கியமா என்றால் இல்லை. வீட்டில் எனக்கு லினக்ஸ். தமிழ்99 விசைப்பலகையில் ரூபாய்க் குறி கைக்கு வாகாக இல்லையென்று சிஸ்டத்தின் யுஎஸ்ஆர் ஷேர் போல்டருக்குள் இருந்த, எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் எம்17என் என்கிற மென்பொருளின் ஃபைலிலேயே கை வைத்து மாற்றிக்கொண்டேன். அடுத்த அப்டேட்டில் குறி காணோம். இங்கே தப்பு என்னுடையது. டெபியன் வழி வந்த லினக்ஸ்களில் பொதுவாக, செட்டிங் ஃபைல்கள் இருக்கும் இடிசி போல்டரில் நாம் திருத்திய ஃபைலுக்குப் புதுப் பதிப்பு வந்தால் அப்டேட் நின்று கேட்கும். உன்னுடையதை வைக்கவா, புதிதைப் போடவா, வித்தியாசத்தைக் காட்டவா என்று. யோசிக்காமல் என்டர் தட்டினாலும் நம்முடையதே நிற்கும், புதியது பெயரின் கடைசியில் டிபிகேஜி-டிஸ்ட் என்ற வாலோடு பக்கத்தில் கிடக்கும். யுஎஸ்ஆர் ஷேர் அப்படியல்ல. அது பொட்டலத்தின் (பேக்கேஜ், அதாவது அப்டேட்டில் வரும் மென்பொருள் கட்டு) சொத்து, வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடித்த மாதிரி, வெள்ளையடிக்கும்போது யாரும் நம்மைக் கேட்கப் போவதில்லை. இப்போது அந்த ஃபைல் என் சொந்த ஹோம் போல்டருக்குள் டாட் எம்17என் டாட் டி என்ற போல்டரில் இருக்கிறது, எம்17என் முதலில் அங்கேதான் தேடும். அதற்கப்புறம் தொந்தரவு இல்லை.

அந்த ஒரு கேள்வியை எங்கள் பில்லிங் சாப்ட்வேர் கேட்டிருந்தால் ஏழு பில்லை ரத்து செய்திருக்க வேண்டாம். அப்டேட்டே வேண்டாம் என்று இருந்துவிடவும் முடியாது, வரி சம்பந்தமான மாற்றம் எல்லாம் அதில்தான் வருகிறது. இப்போது ராத்திரி அப்டேட் போடுவதில்லை. கடை சாத்தும் ஞாயிறு மதியம், ஐஎன்ஐ ஃபைலைத் தேதி போட்டுப் பென்டிரைவில் எடுத்துவிட்டு, முடிந்ததும் வெறும் தாளில் ஒரு பில் அடித்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு. செட்டிங் திரையின் பிரிண்ட் ஒன்று மாமாவின் பேரேட்டு அட்டையின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, அவர் நம்புவது அதைத்தான்.

போன மாதம் வந்த அப்டேட்டில் அதிசயமாக "பழைய அமைப்புகளை வைத்துக்கொள்ளவா?" என்று ஒரு கட்டம் வந்தது. ஆமாம் என்று கொடுத்தேன். பில் நம்பர் தப்பித்தது. மார்ஜின் போய்விட்டது.