நாஃப்லியோவா, மொனெம்வசியாவா? முழங்கால் சொன்ன பதில்

கிரேக்கத்தின் பெலோபொனீஸ் பகுதிக்கு அம்மாவோடு போவது என்று முடிவானதும் எழுந்த கேள்வி: எந்த ஊரில் தங்குவது? இரண்டுமே வெனிசியரும் துருக்கியரும் மாறி மாறி ஆண்ட கடலோரக் கோட்டை ஊர்கள். படத்தில் மொனெம்வசியாதான் மனதை அள்ளும். ஆனாலும் நாஃப்லியோவில் நான்கு இரவு தங்கினோம். மொனெம்வசியாவுக்குக் கிடைத்தது ஒரே பகல்.

தூரத்தில் போட்டியே இல்லை. ஏதென்ஸிலிருந்து நாஃப்லியோ சுமார் 140 கிலோமீட்டர். மொனெம்வசியா 300-க்கும் மேல்.

முடிவைத் தீர்மானித்தது படிக்கட்டு. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நாஃப்லியோவின் தலைக்கு மேல் நிற்கும் பாலமிடி கோட்டையை வெனிசியர் 1711 முதல் 1714 வரை கட்டினார்கள். ஊரிலிருந்து ஏற 999 படி என்பது உள்ளூர்ப் பேச்சு. எண்ணிப் பார்த்தவர்கள் அவ்வளவு இல்லை என்கிறார்கள். எத்தனையாக இருந்தாலும் அம்மாவால் முடியாது. ஆனால் மலையின் பின்பக்கமாகக் கோட்டை வாசல்வரை தார்ச்சாலை இருக்கிறது. டாக்சியில் போய் இறங்கினோம். உள்ளே தரை மேடும் பள்ளமும்தான்; வாசலிலிருந்து கொஞ்ச தூரம் மெதுவாக நடந்து ஒரு மதிலோரம் உட்கார்ந்துவிட்டார். கீழே ஓட்டுக் கூரைகள், அப்புறம் வளைகுடா, அதன் நடுவே பூர்ட்சி தீவுக்கோட்டை. ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

ஊருக்குள்ளும் அப்படித்தான். துறைமுகக் கரை சமதளம், தினமும் மாலையில் அம்மா தனியாகவே நடந்துவந்தார். நவீன கிரேக்கத்தின் முதல் ஆளுநர் கப்போதிஸ்திரியாஸ் 1831-இல் சுட்டுக் கொல்லப்பட்டது இங்குள்ள சின்ன ஸ்பிரிடோன் தேவாலய வாசலில். குண்டு பட்ட தடத்தைக் கண்ணாடி போட்டுக் காக்கிறார்கள். பண்டைய நகரமான மைசீனியும் எபிடாரஸின் பழங்கால நாடக அரங்கும் 30 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். குறை சொல்வதானால் கடற்கரைதான்: பக்கத்தில் இருக்கும் அர்வனிதியா முழுக்கக் கூழாங்கல், வெறுங்காலில் நிற்க முடியாது.

மொனெம்வசியா வேறு ரகம். பெயருக்கே 'ஒற்றை வழி' என்றுதான் பொருள். கடலுக்குள் உயர்ந்து நிற்கும் பாறை, கரையோடு சேர்க்க ஒரு குறுகிய பாதை. வண்டி மதில் வாசலோடு நின்றுவிடும். உள்ளே வழவழத்த கல்பாவிய சந்துதான். பாறையின் உச்சியில் இருக்கும் மேலூருக்குச் சாலையே கிடையாது, வளைந்து வளைந்து நடந்தே ஏற வேண்டும். கால் வலுவாக இருப்பவர்கள் இங்கேயே தங்கலாம் என்றுதான் தோன்றுகிறது. பகல்கூட்டம் கலைந்த பிறகு ஊர் வேறு மாதிரி இருக்கும் என்று தங்கியவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் இரவைப் பார்க்கவில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பீரங்கி இருக்கும் சதுக்கம்வரை வந்தார். "நீ போய்ப் பாத்துட்டு வா" என்றார். உச்சியில், செங்குத்துப் பாறை விளிம்பில் நிற்கும் ஹாகியா சோஃபியா தேவாலயத்தை நான் மட்டும் பார்த்தேன். இறங்கி வந்ததும் போனில் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிக் கேட்டார்: "இதுக்குப் பக்கத்துல என்ன இருந்துச்சு?"