களத்தில் நான்கு வருடம்: செய்தியாளருக்கு எந்த டெலிப்ராம்ப்டர் ஆப் ஒத்துவரும்?

"தூத்துக்குடி மாவட்டத்தில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை..." என்று கேமராவைப் பார்த்து அழுத்திச் சொல்லி நிறுத்தினேன். அடுத்த வரி திரையில் ஏறி வர ஒரு விநாடி பிடித்தது. வந்த வரி: "அளிக்கப்படவில்லை என மாவட்ட நிர்வாகம் தெரிவித்துள்ளது."

2021 வடகிழக்குப் பருவமழை நேரம். பேச வேண்டிய வரிகளைப் போன் திரையில் ஓடவிடும் டெலிப்ராம்ப்டர் ஆப் போட்டுப் பேச ஆரம்பித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நல்லவேளை, அது லைவ் இல்லை. அலுவலகச் செய்தி டெஸ்க்கில் இருந்த அண்ணன் வீடியோவைப் பார்த்ததும் போன் செய்தார். "தம்பி, இதை அப்படியே போட்டா பாதியில வெட்டி வாட்ஸ்அப்ல விட்டுருவாங்க. நாளைக்கு ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடம் போகாது. திரும்ப எடுத்து அனுப்புங்க."

அன்று எனக்குப் புரிந்ததுதான் இந்த நான்கு வருடத்தில் ஐந்து ஆப் மாற்றிப் பார்த்ததற்கும் காரணம். தமிழில் வினை கடைசியில் வரும். ஆமா, இல்லை என்பதே கடைசியில்தான் தெரியும். இதைக் கணக்கில் எடுக்காத ப்ராம்ப்டரில் நாம் எழுத்தைத்தான் படிப்போம், செய்தியைச் சொல்ல மாட்டோம்.

முதலில் என் வேலை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். மாவட்டச் செய்தியாளர். கேமராமேன் கூட வரும் நாள் குறைவு. ஒரு போன், ஒரு ட்ரைபாட், சட்டையில் குத்தும் வயர்லெஸ் மைக், இவ்வளவுதான் சாமான். ஒரு செய்திக்கு 40 விநாடி பீஸ் டு கேமரா, அதாவது கேமராவை நேராகப் பார்த்துப் பேச வேண்டும். எங்களுக்குள் பிடிசி என்போம். என் வேகத்தில் அது 65 சொல். மனப்பாடம் செய்துவிடலாம்தான். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று இடம் ஓடும்போது, அரசாணை எண், தொகை, பதவிப் பெயர் எல்லாம் வாயில் குழம்பும். அதற்குத்தான் ப்ராம்ப்டர்.

ஸ்டுடியோவில் செய்தி வாசிப்பவர்களுக்கு லென்ஸுக்கு முன்னால் சாய்த்து வைத்த கண்ணாடியில் எழுத்து ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பல ஸ்டுடியோக்களில் ஓர் ஆள் உட்கார்ந்து வாசிப்பவரின் பேச்சைக் கவனித்து வேகத்தைக் கூட்டிக் குறைப்பார் என்பது பலருக்குத் தெரியாது. வாசிப்பவர் நிறுத்தினால் எழுத்தும் நிற்கும். போன் ஆப்பில் அந்தக் கை கிடையாது. எழுத்து தன்பாட்டுக்கு ஓடும், நாம் பின்னால் ஓட வேண்டும். பார்ப்பவர்களுக்கு இது உடனே தெரிந்துவிடும். முகத்தில் ஒரு பதற்றம் வரும், மூச்சு தப்பான இடத்தில் வாங்குவோம்.

அதனால் ஓர் ஆப்பில் நான் முதலில் பார்ப்பது, ஓட்டத்தை நிறுத்தவும் நகர்த்தவும் ப்ளூடூத் ரிமோட்டை ஏற்கிறதா என்பதைத்தான். செல்ஃபி ஸ்டிக்கோடு வரும் சின்ன பட்டனே பலவற்றில் வேலை செய்யும். அதைக் கையில் மறைத்து வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் முடிந்ததும் நிறுத்தி, மூச்சு வாங்கி, அடுத்ததை ஓடவிடலாம். நான் முதலில் வைத்திருந்த ஆப்பில் தானாக ஓடுவது மட்டும்தான். வேகத்தை 1 முதல் 10 வரை மாற்றலாம், அவ்வளவுதான். 4 வைத்தால் தூங்கும், 5 வைத்தால் துரத்தும்.

அப்புறம் தமிழ் எழுத்து. இதில் பாதி ஆப் விழுந்துவிடும். ஆங்கிலத்தை மனதில் வைத்து வரி அகலத்தைக் கணக்குப் பண்ணியிருப்பார்கள். நமக்கு ஒரே சொல் ஒரு வரி பிடிக்கும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் "தெரிவித்திருக்" என்று ஒரு வரி, "கிறார்கள்" என்று அடுத்த வரி. மேடையில் பேசுகிறவருக்குப் பரவாயில்லை. கேமராவை நேராகப் பார்க்கிற ஆளுக்குக் கண் ஒரு துடி துடிக்கும், அந்தத் துடிப்பு பதிவாகிவிடும். இன்னோர் ஆப்பில் எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும் வசதி இருந்தது. ஆசையாகக் கூட்டினேன். "கொள்முதல்" என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் எழுத்து தனியாக நின்றது. அன்றே அழித்துவிட்டேன்.

இன்னொன்று. அலுவலகத்திலிருந்து வரும் செய்திப் பிரதி சில நேரம் பழைய பாமினி எழுத்துருவில் இருக்கும். அதை அப்படியே ஆப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். இது ஆப்பின் குற்றம் இல்லை. யுனிகோடுக்கு மாற்றி ஒட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். களத்தில் நின்றுகொண்டு மாற்றியைத் தேடுவது பெரிய கொடுமை.

குரலைக் கேட்டு எழுத்தை நகர்த்தும் ஆப்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நாம் பேசுவதை ஆப் கேட்டு, அந்தச் சொல்லுக்கு எழுத்தைக் கொண்டுவரும். ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆள் போனுக்குள் வந்துவிட்ட மாதிரிதான். நானும் அந்த ஆசையில்தான் ஒரு ஆப்புக்குக் காசு கட்டினேன். என் வீட்டு அறையில் ஓரளவு பின்தொடர்ந்தது. தெருவுக்கு வந்ததும் பஸ் ஹாரனில் தடுமாறியது. அதைவிடப் பெரிய அடி ஒன்று கிடைத்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யாருக்கும் திரும்ப நடக்கக்கூடாது.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகிற முதல் விடியற்காலை, எங்கள் ஊர் மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கிறேன். ஐஸ் பெட்டி ஏற்றுகிறார்கள், டீசல் வாசம், படகுக்குப் படகு மாலை. பின்னால் படகுகள் வரிசையாகக் கிளம்புகிற நேரம் பார்த்து, முன்னால் நின்று 40 விநாடி பேசினேன். ஒரே டேக். சொல் தவறவில்லை, எழுத்தும் கூடவே வந்தது. எனக்கே மனம் நிறைந்துவிட்டது.

டீக்கடையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் சத்தமே இல்லை. வாய் அசைகிறது, பின்னால் படகு போகிறது, ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. கேமரா ஆப்பின் மேல் ப்ராம்ப்டரை மிதக்கவிட்டிருந்தேன். ஆண்ட்ராய்டில் இரண்டு சாதாரண ஆப்கள் ஒரே நேரத்தில் மைக்கைக் கேட்டால் பொதுவாக ஒன்றுக்குத்தான் சத்தம் போகும், மற்றதில் வெறும் மௌனம் பதிவாகும். ப்ராம்ப்டர் என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தது, கேமராவுக்கு ஒன்றும் போகவில்லை. படகுகளைத் திரும்பக் கூப்பிட முடியாது. 61 நாள் காத்திருந்தவர்கள் கிளம்பிய காட்சி அது. குரலை மட்டும் தனியாகப் பேசி, காட்சிக்கு மேல் போட்டு அனுப்பினோம். அன்றிலிருந்து எந்தப் புது ஆப் ஆனாலும் 10 விநாடி பேசி, ஹெட்போனில் கேட்ட பிறகுதான் களத்துக்கு எடுத்துப் போகிறேன். வயர்லெஸ் மைக் ரிசீவரைச் செருகியிருந்தும் போனின் சொந்த மைக்கிலேயே பதிவு செய்கிற ஆப்களும் உண்டு. அதுவும் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும்.

கண் பார்வை விஷயத்துக்கு வருகிறேன். செல்ஃபி கேமராவில் பேசும்போது லென்ஸுக்கும் எழுத்துக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். கை நீட்டும் தூரத்தில், அதாவது 60 சென்டிமீட்டரில் நின்றால் கண் கிட்டத்தட்ட 5 டிகிரி விலகும். பார்ப்பவருக்கு நாம் வேறெங்கோ பார்ப்பது தெரியும். அதே போனை ட்ரைபாடில் வைத்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் 2 டிகிரிக்கும் கீழே வந்துவிடும். தொலைக்காட்சிக்குப் போனைப் படுக்கவைத்துத்தான் எடுப்போம். அப்போது லென்ஸ் ஓர் ஓரத்தில் போய்விடும், எழுத்து நடுவில் ஓடினால் கண் பக்கவாட்டில் போய்ப் போய் வரும். அதனால் எழுத்துப் பெட்டியைச் சுருக்கி, லென்ஸை ஒட்டி நகர்த்த முடிகிற ஆப்தான் வேண்டும். திரை முழுக்க எழுத்தை நிரப்புகிற ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

ஆனால் தள்ளி நின்றால் எழுத்து பெரிதாக வேண்டும், பெட்டி சின்னதாக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஒரு வரிக்கு ஒரு சொல், ஐந்து வரி. ஐந்து சொல்தான் ஒரு நேரத்தில் தெரியும். அந்த விடுமுறை வாக்கியத்தின் "இல்லை" மறுபடியும் கீழே ஒளிந்துகொள்ளும். இதற்கு எந்த ஆப்பிலும் மருந்து இல்லை, பிரதியில்தான் இருக்கிறது. இப்போது அதே செய்தியை நான் எழுதுவது இப்படி: "விடுமுறை இல்லை. தூத்துக்குடி மாவட்டப் பள்ளிகள் நாளை வழக்கம்போல் இயங்கும்." ஒரு வாக்கியம் ஏழு சொல்லைத் தாண்டாது. "என்று தெரிவித்தார்" வாலில் தொங்காது, "ஆட்சியர் சொல்வது இதுதான்" என்று முன்னால் வந்துவிடும். 1,25,40,000 என்று எண்ணாகப் போட மாட்டேன், "ஒரு கோடியே 25 லட்சத்து 40 ஆயிரம்" என்று வாய் சொல்வது போலவே எழுதுவேன். அறிமுகம் இல்லாத ஊர், ஆள் பெயர் வந்தால் முதல் நாளே உள்ளூர்க்காரரிடம் உச்சரிப்பைக் கேட்டு வைத்துக்கொள்வேன். நம் எழுத்தில் ககரமும் பகரமும் இரண்டு மூன்று ஒலிக்கு நிற்கும். ஓடுகிற எழுத்தைப் பார்த்துக்கொண்டே யோசிக்க நேரம் இருக்காது.

வெயில். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வீட்டுக்குள் நன்றாக இருக்கும். மதிய வெயிலில் அந்தக் கறுப்புத் திரை கண்ணாடி மாதிரி, நம் முகமும் பின்னால் இருக்கும் வானமும்தான் தெரியும். வெளிர்மஞ்சளில் கறுப்பு எழுத்து வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். போன் சூடேறினால் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். பேசப் போகும்வரை நிழலில் வையுங்கள்.

பதிவின் தரத்தில் ஒன்றை மட்டும் பாருங்கள்: விநாடிக்கு 25 ஃப்ரேமில் (25 படமாக) பதிய முடிகிறதா. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 25 அதோடு ஒத்துப்போகும். 30 ஃப்ரேமில் மட்டும் பதிகிற ஆப்பை எடுத்துக்கொண்டு டியூப்லைட் எரியும் அரசு அலுவலகத்துக்குள் போனால் படம் மினுக்கலாம். கேமரா ஆப்பின் மேல் மிதக்கிற ப்ராம்ப்டர் என்றால் இந்தக் கவலை கேமரா ஆப்போடு போய்விடும்.

இப்போது என் கையில் இருப்பது ஆண்ட்ராய்டில் எலிகன்ட் டெலிப்ராம்ப்டர். கேமரா ஆப்பின் மேல் மிதக்கும், பெட்டியை வேண்டிய அளவுக்குச் சுருக்கலாம், தமிழ் சிதையாமல் வருகிறது. எனக்கு இது போதும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஆண்ட்ராய்டு போல மேலே மிதக்கவிடும் அனுமதி கிடையாது. கேமராவை உள்ளேயே வைத்திருக்கிற ஆப்பாகப் பார்த்து எடுக்க வேண்டும், அப்போது 25 ஃப்ரேமையும் வெளி மைக்கையும் கட்டாயம் சோதியுங்கள். வருடச் சந்தா கட்டுவதற்கு முன் ஒரு வாரமாவது இலவசமாக ஓட்டிப் பாருங்கள். சாய்வுக் கண்ணாடிப் பெட்டி ஒன்றும் வாங்கினேன். உள்ளரங்கப் பேட்டிக்கு அருமை, தெருவில் காற்று தள்ளிவிடும்.

ஒரு நாள் மட்டும் ப்ராம்ப்டரைத் தொடவே இல்லை. 2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் தண்ணீருக்கு நடுவே சிக்கியிருந்தார்கள். எழுதி முடிப்பதற்குள் நிலைமை மாறிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன் எழுதியதை ஓடவிட்டால் அது பழைய செய்தி, அதை நம்பி யாராவது அந்தச் சாலையில் கிளம்பிவிட்டால் என்ன செய்வது? உள்ளங்கையில் பேனாவால் நான்கு சொல் எழுதிக்கொண்டேன்: மழை அளவு, பாலம், பால், உதவி எண். மழையில் இரண்டு சொல் கரைந்துபோனது. பக்கத்தில் நின்ற அண்ணாச்சி ஒருவர், "பாலத்தைச் சொல்லுங்க தம்பி, அதான் முக்கியம்" என்றார். அதையே முதலில் சொன்னேன்.