புவியியலை எங்கே தொடங்குவது: பேரண்டத்திலா, பனியன் லேபிளிலா?

ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் புவியியல் பேரண்டத்திலிருந்து தொடங்குகிறது. பால்வழி, சூரியன், எட்டுக் கோள்கள், பிறகு கண்டங்கள், பெருங்கடல்கள். அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் மூன்றாம் பருவத்தில்தான். பல வருஷம் நானும் அந்த வரிசையிலேயே நடத்தினேன். சனிக் கோளின் வளையம் என்றால் பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள். ஆனால் எங்கள் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறு எங்கே பிறந்து எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டால், தினமும் அதன் பாலத்தைத் தாண்டிப் பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கே பதில் தெரியாது. எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது.

இதற்கு மாற்றாக ஐந்து மையக்கருத்து முறை இருக்கிறது. 1984-இல் அமெரிக்காவின் இரண்டு புவியியல் அமைப்புகள் சேர்ந்து பள்ளிகளுக்காக வகுத்தது: அமைவிடம் (எங்கே இருக்கிறது), இடம் (எப்படிப்பட்டது), மனிதருக்கும் சூழலுக்கும் உள்ள உறவு, நகர்வு, வட்டாரம். 1994-இல் அங்கே புவியியல் பாடத்துக்கென்று 18 தரநிலைகள் வந்துவிட்டன. ஆனாலும் முதன்முதலாகப் புவியியலுக்குள் வரும் பிள்ளைக்கு அந்த ஐந்துதான் சுலபம் என்பது என் எண்ணம். ஐந்தையும் ஐந்து கேள்வியாக மாற்றிக்கொள்ளலாம்.

திருப்பூரில் இதற்குப் பெரிய உபகரணம் எதுவும் வேண்டாம். ஒரு பனியனின் கழுத்துப் பட்டியில் தைத்திருக்கும் லேபிள் போதும். இந்த ஊர் எங்கே இருக்கிறது? ஏறத்தாழ வடக்கே 11 பாகை, கிழக்கே 77 பாகை, கோயம்புத்தூருக்குக் கிழக்கே. எப்படிப்பட்ட ஊர்? கட்டிங், தையல், செக்கிங் என்று பிள்ளைகளே அடுக்குவார்கள், பாதி வீடுகளில் அதுதானே வேலை. பனியன் எங்கே போகிறது, தைப்பவர் எங்கிருந்து வருகிறார்? தூத்துக்குடித் துறைமுகம், ஒடிசா, பீகார். எந்த வட்டாரம்? கொங்கு.

ஆனால் வகுப்பு நிஜமாகவே விழித்துக்கொள்வது சூழல் கேள்வியில். "மிஸ், ஆத்துத் தண்ணி ஒரு நாள் செவப்பா, ஒரு நாள் நீலமா போகும்னு எங்க அப்புச்சி சொல்லுவாங்க" என்றாள் ஒரு பெண். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யல், மழை மறைவுப் பகுதியில் மழை குறைவாகப் பெய்வது, சாயக் கழிவு, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை அந்தக் கழிவைத் தேக்கும் குட்டையாகிப் போனது, 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது: எல்லாவற்றையும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்தே எடுத்து நடத்த முடிந்தது.

தமிழில் நடத்தும்போது ஒரு சிக்கல் உண்டு. அமைவிடம், இடம் இரண்டும் பிள்ளை காதில் ஒன்றாகவே விழும். இதற்குத் திணை கைகொடுக்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்து மரம், விலங்கு, தொழில், பறை, உணவு எல்லாம் கருப்பொருள். "நம் ஊரின் கருப்பொருள் என்ன?" என்று கேட்டால் இடம் என்பதன் பொருள் உடனே விளங்கிவிடும். அப்படியென்றால் திணையை வைத்தே முழுவதையும் நடத்தலாமே என்று தமிழாசிரியர்கள் கேட்கிறார்கள். ஆசைதான். ஆனால் ஒடிசாவிலிருந்து ரயிலேறி வந்து பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவரின் நகர்வை எந்தத் திணையில் வைப்பது? 'இடம்' வரைக்கும் திணை அருமையான துணை; முழுப் பாடத்தையும் அதன் தலையில் ஏற்ற முடியாது.

புத்தக வரிசை வெல்லும் இடமும் உண்டு. பருவகாலம் ஏன் மாறுகிறது, கார்த்திகை மாதத்தில் பொழுது ஏன் சீக்கிரம் சாய்கிறது என்பதை லேபிளை வைத்து விளக்க முடியாது. அதற்குச் சாய்ந்த அச்சும் சூரியனும் வேண்டும். பருவத் தேர்வும் புத்தகப்படிதான் வரும்.

அதனால் இப்போது முதல் நான்கு பீரியட் லேபிளுக்கு, ஐந்தாவதில் பேரண்டம். 11 பாகை என்று பிள்ளைகள் எழுதிய சார்ட்டைச் சுவரிலேயே விட்டுவைக்கிறேன். மூன்றாம் பருவத்தில் உலக உருண்டையை மேசையில் வைத்ததும், நான் சொல்வதற்கு முன்பே நான்கைந்து விரல்கள் அந்தக் கோட்டைத் தேடிப் போகின்றன.