தெலோனே வரைந்த பென்சில் படம் என்று நம்பி 1,850 யூரோவை இழந்தேன்

நேற்று ராத்திரி தூக்கமே இல்லை. பாரிஸில் பழைய ஓவியம் வாங்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். என் 1,850 யூரோ போய்விட்டது.

ரொபேர் தெலோனே என்ற பிரெஞ்சு ஓவியரைப் பிடித்தவர்களுக்கு அவருடைய சேன் செவரேன் தேவாலய ஓவிய வரிசை தெரிந்திருக்கும். பாரிஸின் லத்தீன் குவார்ட்டர் பகுதியில் உள்ள அந்தக் கோதிக் தேவாலயத்தின் உள்சுற்றை 1909, 1910இல் திரும்பத் திரும்ப வரைந்தார். தூண்கள் வளைந்து, தரையே அசைவது போல இருக்கும். அவருடைய ஈஃபில் கோபுரப் படங்களைவிட எனக்கு இவைதான் உசத்தி. வேலை முடிந்து வரும் வழியில் உள்ளே நுழைந்து, பலிபீடத்துக்குப் பின்னால் பிழிந்த ஈரத்துணி போல முறுக்கி நிற்கும் அந்தத் தூணைப் பார்த்துவிட்டு வருவது பல வருடப் பழக்கம்.

போன மாதம் ஒரு பழம்பொருள் கடையில் அதே வளைவுகளைப் பென்சிலில் பார்த்தேன். கீழே கையெழுத்து. கடைக்காரர் பெரியவர், நிதானமாகப் பேசினார். படத்தை இறக்கி என் கையிலேயே கொடுத்தார். நான் தூணைப் பற்றிச் சொன்னதும், "இதைப் புரிந்த ஒருவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தேன்" என்றார். அங்கேதான் விழுந்தேன். படத்தின் சட்டத்தைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். பின்னால் ஒட்டிய பழைய தாள் கிழிந்தால் மதிப்பு போய்விடும் என்றார். சரி என்று விட்டுவிட்டேன். 1,850 யூரோ, ஒரே தடவையில் கட்டினேன்.

வெயில் தாங்கும் கண்ணாடி மாற்ற சனிக்கிழமை சட்டம் போடுபவரிடம் கொண்டுபோனேன். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். பென்சில் கோடே இல்லை. பொடிப் பொடிப் புள்ளிகள், வரிசை வரிசையாக. அச்சு! தாளைச் சாய்த்தால் பென்சில் கரி மினுங்க வேண்டும், அழுத்திய இடம் பள்ளமாகத் தெரிய வேண்டும். இரண்டும் இல்லை. புற ஊதா விளக்கில் தாள் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. காகிதத்தில் அப்படி ஒளிர வைக்கும் வெளுப்பு ரசாயனம் சேர்ப்பது 1950 வாக்கில் வந்த வழக்கம். தெலோனே இறந்ததோ 1941இல்.

கடைக்குப் போன் செய்தேன். முதல் தடவை, "நிபுணரைக் கேட்டுச் சொல்கிறோம்." அடுத்த தடவை, "முதலாளி ஊரில் இல்லை." நேற்று நேரிலேயே போனேன். அதே பெரியவர்தான். "ரசீதைப் படிக்கவில்லையா?" என்று கேட்டார். தெலோனே பெயருக்கு முன்னால் பொடி எழுத்தில் 'தாப்ரே' என்று இருந்தது. அவருடையதைப் பார்த்துச் செய்தது என்று அர்த்தம். 1981ஆம் வருட பிரெஞ்சு அரசாணைப்படி அந்தச் சொல் இருந்தால் ஓவியர் வரைந்தது என்ற உத்தரவாதம் கிடையாது. ஆனால் அதே ஆணை, அது வந்த பிறகு செய்த நகல் என்றால் 'Reproduction' (நகல்) என்று கண்ணுக்குத் தெரியும்படி, அழியாதபடி அதன் மேலேயே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அது எங்கே என்று கேட்டேன். இணையத்தில் வாங்கினால்தான் 14 நாளில் திருப்பித் தரலாம், கடையில் வாங்கியது வாங்கியதுதான் என்று சொல்லிவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

எப்படி வாங்குவது என்று விவரமாக எழுத உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். சட்டத்தைப் பிரிக்காமல் காசைக் கொடுக்காதீர்கள். பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள். ரசீதில் பெயருக்கு முன்னால் இருக்கும் சொல்லைக் கடையிலேயே படியுங்கள். இவ்வளவு பெரிய ஓவியரின் கைவேலை 1,850 யூரோவுக்குக் கிடைக்கிறது என்றாலே சந்தேகப்படுங்கள்.

இன்று காலை பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன், 1,850 யூரோவையும் திருப்பிக் கேட்டு.