பிள்ளை தங்கறதுக்கு டாக்டர்கிட்ட காட்ட மார்த்தாண்டமா, ஆசாரிப்பள்ளமா, திருவந்தரமா, திருநெல்வேலியா?

கல்யாணம் கழிஞ்சு ஒரு வருசம் தாண்டினா போதும் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல, சர்ச்சு வாசல்ல நின்னாலும் கேப்பாவ, சாவு வீட்டுல போய் உக்காந்தாலும் கேப்பாவ, "வல்லதும் விசேஷம் உண்டாம்மா?" இல்லன்னு சொன்னா அடுத்தது "எங்க காட்டுறிய?" நாம வாய் திறக்கறதுக்குள்ள அவியளே ஒரு டாக்டர் பேரையும் எடுத்து குடுத்துருவாவ. மைனிக்கு திருவந்தரத்துல (திருவனந்தபுரம்) பாத்து ரெட்டப்பிள்ள கெடச்சுது, அதனால ஊரே திருவந்தரம் போகணும். மாமிக்கு மலையோரத்துல கைராசியான ஒரு வைத்தியர் உண்டு. ஆபீஸ்ல பக்கத்து சீட்டு அக்கா திருநெல்வேலிதான் கொள்ளாம்னு சத்தியம் பண்ணுவா. எல்லாரும் சொல்றது அவங்கவங்க பிரச்சனைக்கு சரியா வந்த இடம், நமக்கு என்ன பிரச்சனைன்னே இன்னும் தெரியாது, தெரியாமலே பஸ் ஏறிட்டா பணமும் போகும் லீவும் போகும். அதனால இடத்த ஒப்பிடறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சொல்லிடறேன்.

ஒண்ணு, எப்ப போகணும்ங்கறது. ஒரு தடுப்பும் இல்லாம ஒழுங்கா சேந்து இருந்து 12 மாசம் ஆகியும் தங்கலன்னா போகணும், பொண்ணுக்கு 35 தாண்டியாச்சுன்னா 6 மாசம், 40ன்னா காத்திருக்கவே வேண்டாம். பீரியட்ஸ் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்க வருது, இல்ல வலி உயிர் போகுதுன்னாலும் உடனே போயிரலாம். ஆனா இந்த 12 மாசக் கணக்கு நம்ம மாவட்டத்துல நெறய பேருக்கு அப்படியே ஒத்து வராது, ஏன்னா ஆள் துபாயிலயோ சவுதியிலயோ இருப்பாரு, வருசத்துக்கு ஒரு லீவு, இல்லன்னா தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்கு போறவங்க மாதிரி ஒரு தடவ கடலுக்கு போனா ஒரு மாசத்துக்கும் மேல ஆகும் திரும்ப. ஒரு மாசத்துல கரு தங்க வாய்ப்புள்ள நாள் மொத்தமே 6தான், முட்ட வெளிய வர்ற நாளும் அதுக்கு முந்தின அஞ்சு நாளும். நாப்பது நாள் லீவுல அது ஒருக்க வரும், அதிர்ஷ்டம் இருந்தா ரெண்டு தடவ. அப்போ கல்யாணம் ஆகி ரெண்டு வருசம்னு ஊரு எண்ணும்போது உங்க உண்மையான கணக்கு மூணு மாசமோ நாலு மாசமோதான். அதுக்காக 33 வயசுல அடுத்த லீவு பாக்கலாம், அதுக்கு அடுத்தது பாக்கலாம்னு தள்ளவும் கூடாது. சேந்து இருந்த மாசம் கம்மின்னாலும் ஆள் ஊர்ல இருக்குற லீவுலயே ரெண்டு பேருக்கும் அடிப்படை டெஸ்ட முடிச்சு வச்சிருங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது.

ரெண்டாவது, முதல் டெஸ்ட் ஆம்பளைக்கு. இத சொன்னா வீட்டுல மூஞ்சி மாறும், தெரியும். ஆனா பாதிக்கு பக்கமான கேஸ்ல ஆண் பக்கமும் ஏதோ ஒரு காரணம் இருக்கு, அதோட விந்து பரிசோதனைக்கு சில நூறு ரூபாதான், ஊசி இல்ல, வலி இல்ல. பொண்ணுக்கு கருக்குழாய் அடப்பு பாக்கற ஹெச்எஸ்ஜி எக்ஸ்ரே எடுக்கும்போது பல பேருக்கு அடிவயித்துல பிடிச்சு முறுக்கும், அத முதல்ல எடுத்துட்டு ஆம்பள டெஸ்ட கடைசியில எழுதற இடம் எதுவா இருந்தாலும், எவ்வளவு பெரிய போர்டு வச்சிருந்தாலும், எனக்கு அங்க நம்பிக்க வராது. ஆம்பள டெஸ்டுக்கு விந்து வெளிய போகாம 2லேர்ந்து 7 நாள் இடைவெளி விட்டுட்டு போகணும். லேப்ல ரூம் இருந்தா அங்கயே குடுக்கறது நல்லது, ஆனா சில இடத்துல அந்த ரூம்ங்கறது பாத்ரூம்தான், வெளிய வரிசையில நாலு பேர் நிப்பாவ, கதவ யாராவது தட்டிட்டே இருப்பாவ. வீட்டுல எடுத்தா ஒரு மணி நேரத்துக்குள்ள லேப்புக்கு வந்து சேரணும், சூடு ஆறவும் கூடாது. கடையாலுமூடு பக்கத்துலேர்ந்து அந்த சின்ன டப்பாவ சட்டைக்குள்ள உடம்போட ஒட்டி வச்சுக்கிட்டு மார்த்தாண்டம் ட்ராபிக்ல பைக் ஓட்டின ஆளுங்களோட அவஸ்தைய அவங்க பொண்டாட்டிமாரு சொல்லி சிரிச்சு கேட்டிருக்கேன். ரிப்போர்ட்ல நார்மல் வடிவத்துல இருக்கற உயிரணு 4 சதவீதம்னு பாத்துட்டு மிச்சம் 96ம் கேடா போச்சான்னு ராத்திரி முழுக்க தூங்காம கெடக்காதீங்க, உலக சுகாதார நிறுவனத்தோட 2021 கணக்குப்படி 4 வந்தாலே சரி. எண்ணிக்கைக்கு கீழ் அளவு ஒரு மில்லிக்கு 1.6 கோடி, அசைவுக்கு 42 சதவீதம். கொறஞ்சு வந்தாலும் ஒரே டெஸ்ட்ட வச்சு முடிவு கட்டாதீங்க, உயிரணு ஒண்ணு உருவாகி முடிய ரெண்டரை மாசத்துக்கு கிட்ட ஆகும், அதனால காய்ச்சல், குடி, மீன்பிடி போட் எஞ்சின் சூட்டுலயே நிக்கற வேல எல்லாம் இன்னைக்கு ரிப்போர்ட்ல தெரியறது போன சீசன்ல நடந்ததுதான், மூணு மாசம் விட்டு திரும்ப எடுக்கணும்.

இப்போ இடம். பக்கத்துல இருக்குற தனியார் லேடி டாக்டர்ல தொடங்கலாம், மார்த்தாண்டமோ தக்கலையோ நாகர்கோவிலோ. வேல முடிஞ்சு சாயங்காலம் போகலாம், லீவு போட வேண்டாம், டாக்டருக்கு முகம் தெரியும். முதல் ரவுண்டுக்கு இதுக்கு மேல தேவையும் இல்ல, தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன், சுகர், முட்ட இருப்ப காட்டற ஏஎம்ஹெச், ஒரு ஸ்கேன், ஹெச்எஸ்ஜி எல்லாம் இங்கயே முடியும். பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டின்னு சொல்ற ஹார்மோன் பிரச்சனை, இருந்து முட்ட ஒழுங்கா வெளிய வரலன்னா முதல்ல குடுக்கறது லெட்ரோசோல் மாத்திரைதான், அதையே திருவந்தரத்துல பெரிய டாக்டர் எழுதினாலும் அதே மாத்திரைதான். முட்ட வளர்றத பாக்கற ஃபாலிக்குலர் ஸ்டடி சொல்வாங்களே, ஒம்பது பத்தாம் நாள்லேர்ந்து ஒண்ணு விட்டு ஒரு நாள் ஸ்கேன், அதுக்கு வீட்டுக்கு பக்கமா இருக்கறது எவ்வளவு ஆசுவாசம்ங்கறது வேலைக்கு போற பொண்ணுங்களுக்குத்தான் தெரியும். குறைன்னு பாத்தா, நெறய இடத்துல அங்கயே வருசக்கணக்கா உக்கார வச்சிருவாங்க. ஆறு சைக்கிள் மாத்திரை முடிஞ்சும் ஒண்ணும் ஆகல, அடுத்த மாசமும் அதே சீட்டுன்னா ஃபைல வாங்கிட்டு கெளம்பிரணும். டாக்டர் வருத்தப்படுவாங்களேன்னு நாம வருத்தப்பட்டு மாசத்த விடறதுதான் இங்க பெரிய சீக்கு.

நாகர்கோவில் பக்கத்துல ஆசாரிப்பள்ளம் கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிய பத்தி சொன்னா "அங்கயா?"ன்னு கேக்கறவங்க உண்டு. எனக்கு அதுல வேற அபிப்பிராயம். காலையில வெள்ளன போய் ஓபி சீட்டு வாங்கி நிக்கணும், ஸ்கேனுக்கு வேற தேதி குடுப்பாங்க, போன தடவ பாத்த டாக்டர் இந்த தடவ இருக்க மாட்டாங்க, ஒவ்வொரு தடவயும் முதல்லேர்ந்து கதை சொல்லணும், எல்லாம் வாஸ்தவம். பிரைவசியும் கம்மி, பத்து பேர் நிக்கற இடத்துல கடைசியா எப்ப தலைக்கு குளிச்சன்னு கேப்பாங்க. ஆனா கர்ப்பப்பையில நார்க்கட்டியோ, சினைப்பையில கட்டியோ இருக்கு, ஆபரேஷன் வேணும்னு தனியார்ல ஒரு தொகைய சொன்னா, சரின்னு தலையாட்டறதுக்கு முன்னாடி ஆசாரிப்பள்ளத்துல ஒரு தடவ காட்டிட்டு வாங்க. உங்கள ஆபரேஷனுக்கோ, முட்டையும் விந்தும் லேப்ல சேக்கற ஐவிஎஃப்புக்கோ தள்ளி விடறதால அங்க இருக்கற டாக்டருக்கு தனியார் மாதிரி லாபம் இல்ல, அதனால வர்ற பதிலுக்கு ஒரு மதிப்பு உண்டு. காசு இல்லாதவங்களுக்கு மட்டும்தான் கவர்மென்ட் ஆஸ்பத்திரின்னு நெனைக்காம, ரெண்டாவது அபிப்பிராயத்துக்கான இடமா அத பாக்கலாம். கவர்மென்ட்லயே ஐவிஎஃப் வேணும்னா சென்னை எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரியில கருத்தரிப்பு மையம் இருக்கு, ஆனா நம்ம ஊர்லேர்ந்து ராத்திரி முழுக்க ரயில்ல போகணும், அங்க தங்க சொந்தக்காரங்க வீடு இருந்தா மட்டும் யோசிங்க.

அடுத்து திருவந்தரம். விளவங்கோடு, கல்குளம் தாலுகா ஆளுங்களுக்கு அது வேற மாநிலம்ங்கற நெனப்பே கெடையாது, மலையாளமும் தண்ணி பட்ட பாடு. தனியார் சென்டர் நெறய, கவர்மென்ட்ல மெடிக்கல் காலேஜ் வளாகத்துல எஸ்ஏடி ஆஸ்பத்திரியில இதுக்குன்னே தனி பிரிவு இருக்கு, ஐவிஎஃப் வரைக்கும் பண்றாங்க, தனியார விட செலவு கம்மி, கூட்டம் அதுக்கு தக்க. அங்க போறதுல உண்மையான லாபம் எனக்கு தெரிஞ்சு ரெண்டு. ஆம்பள பக்கம் பிரச்சனைன்னா அதுக்கு தனியா ஆண்ட்ராலஜி பாக்கற டாக்டருங்க உண்டு. அப்புறம் ஐவிஎஃப்பும், ஒரு உயிரணுவ எடுத்து முட்டைக்குள்ள ஊசியால வைக்கற இக்ஸியும் பண்ற லேப்.

ஆனா ஐவிஎஃப் ஒருக்க போய் காட்டிட்டு வர்ற வேல இல்ல. ஊசி பத்து நாளுக்கு கிட்ட தெனமும் போடணும், நடுவுல ரெண்டு மூணு நாளுக்கு ஒரு ஸ்கேன். ஊசி மருந்துல பலது குளிர்லயே இருக்கணும், திருவந்தரம் தம்பானூர் ஸ்டாண்டுலேர்ந்து பஸ்ல தெர்மோகோல் பெட்டிய மடியில வச்சுக்கிட்டு, உள்ள ஐஸ் பேக் உருகுதான்னு தொட்டு தொட்டு பாத்துக்கிட்டு, பக்கத்து சீட்டுக்காரி "மீனாம்மா?"ன்னு கேட்டா தலைய ஆட்டிட்டு வரணும். ஊர்ல ஒரு நர்ஸ பிடிச்சு ஊசி போட்டுக்கலாம், அது சரிதான். முட்ட முதிர்றதுக்கு கடைசியா போடற டிரிகர் ஊசிதான் கண்டிஷனானது. மணி சொல்லிருவாங்க, அந்த நேரத்துக்கே போடணும், அதுலேர்ந்து 34லேர்ந்து 36 மணி நேரத்துக்குள்ள முட்டைய எடுத்தாகணும். அன்னைக்கு காலையில களியக்காவிளையிலயும் பாலராமபுரத்துலயும் வண்டி நகராம நிக்கறதெல்லாம் தாங்காது, முந்தின நாளே போய் ரூம் எடுத்துருங்க, அந்த செலவ பட்ஜெட்ல முதல்லயே சேத்துக்கோங்க.

ஆரல்வாய்மொழி, தோவாளை, அஞ்சுகிராமம் பக்கம் இருக்கறவங்க திருவந்தரம் திருவந்தரம்னு ஓடறதுல அர்த்தமே இல்ல. நாகர்கோவில்லேர்ந்து திருவந்தரம் 70 கிலோமீட்டருக்கு கிட்ட, திருநெல்வேலி 80, ஆனா திருநெல்வேலி ரோடு நாலு வழி, வண்டி பறக்கும், நேரம் பாத்தா தூரம் கூடினதுதான் பக்கம். சென்டர் எண்ணிக்கை அங்க கம்மி. ஐயூஐ, அதாவது விந்த நேரா கர்ப்பப்பைக்குள்ள செலுத்தறது, அது வரைக்கும் போறவங்களுக்கு திருநெல்வேலி தாராளமா போதும்.

வைத்தியர்மார பத்தி சொல்லாம விட்டா நம்ம ஊர்க்காரியான்னு கேப்பாங்க. சித்தமும் வர்மமும் வேரோடின மண்ணு இது, நான் அத எளக்காரம் பண்ணல. பத்தியம் இரு, குடிய விடு, நேரத்துக்கு தூங்குன்னு வைத்தியர் சொல்றத ஆம்பளைங்க கேக்கறாங்க, அதையே இங்கிலீஷ் டாக்டர் சொன்னா கேக்க மாட்டாங்க, அந்த வகையில நல்லதுதான். ஆனா ரெண்டு பக்கமும் அடஞ்ச குழாய எந்த லேகியமும் திறக்காது, அதனால டெஸ்ட் முடிச்சு, அடப்பு இல்லன்னு தெரிஞ்சுட்டு போங்க. போனா கோட்டாறு அரசு ஆயுர்வேத காலேஜ், பாளையங்கோட்டை அரசு சித்தா காலேஜ் மாதிரி படிச்ச டாக்டர் இருக்கற இடத்துக்கு போங்க. லேபிள் இல்லாத டப்பாவுல குடுக்கற பொடி, ஆண்மைக்குன்னு குடுக்கற பேர் தெரியாத கேப்சூல் வேண்டவே வேண்டாம். ஜிம்முல போடற டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் இதே கணக்குதான், வெளியிலேர்ந்து அந்த ஹார்மோன் போனா உடம்பு சொந்தமா உயிரணு உண்டாக்கறத கொறச்சிரும், சில பேருக்கு சுத்தமா நின்னும் போயிரும், இத தெரியாம பிள்ளைக்குன்னே அத போடற ஆளுங்க இருக்காங்கங்கறதுதான் கொடும. நாகராஜா கோவில்ல நாகர் வைக்கணும்னு மாமி சொன்னா வைங்க, சுசீந்திரத்துல மூணு சாமியவும் பிள்ளையாக்கி மடியில போட்ட அனுசூயா கதைய கேட்டுட்டு வாங்க, அதுக்கு யாரும் குறுக்க நிக்கல, ஸ்கேன் தேதி அன்னைக்கு மட்டும் வேற நேர்ச்ச வைக்காம இருந்தா போதும்.

காசு விஷயம். ஐவிஎஃப் தனியார்ல ஒரு சைக்கிளுக்கு மருந்தோட சேத்து சாதாரணமா ஒண்ணரை லட்சத்துக்கு மேல போகும், தங்கும்னு உத்தரவாதம் கெடையாது, உத்தரவாதம் குடுக்கற போர்ட பாத்தா வண்டிய திருப்பிருங்க. கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கேன்னு நிம்மதியா இருக்காதீங்க, பெரும்பாலான பாலிசில எக்ஸ்கிளூஷன் 17ன்னு ஒரு வரி இருக்கும், குழந்தையின்மை சிகிச்சைக்கு பணம் இல்லன்னு அதுல எழுதியிருக்கும், முதல்ல அத படிங்க. பேக்கேஜ்னு ஒரு தொகை சொன்னா ஊசி அதுக்குள்ளயா வெளியயா, மயக்க மருந்து, கருவ உறைய வைக்கறது எல்லாம் சேத்தியான்னு எழுதி வாங்குங்க, வாய்ல சொன்னது பில்லு போடும்போது ஞாபகம் இருக்காது.

2021ல வந்த செயற்கை கருத்தரிப்பு சட்டப்படி இந்த சென்டர் எல்லாம் பதிவு பண்ணியிருக்கணும், லெவல் 1னா ஐயூஐ மட்டும், லெவல் 2ன்னாதான் ஐவிஎஃப் பண்ணலாம். ரிசப்ஷன்லயே எந்த லெவல், சர்டிபிகேட் எங்கன்னு கேட்டுருங்க, கேக்கறதுல ஒரு நாணமும் வேண்டாம். பொண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயசுக்கு மேல சட்டமே அனுமதிக்காது. ஆணா பொண்ணா பாத்து வைக்கலாம்னு யாராவது காதுல ஓதினா அது கருவுல ஆணா பொண்ணா பாக்கறத தடுக்கற 1994 சட்டப்படியே குத்தம்.

கல்ஃப் ஆளுங்க தவறாம கேக்க வேண்டியது இன்னொண்ணு, விந்து உறைய வச்சு பாதுகாக்கற வசதி இருக்கா. லீவு முடியறதுக்குள்ள குடுத்து வச்சுட்டு போயிட்டா பொண்டாட்டியோட சைக்கிள் எப்ப சரியா வருதோ அப்ப ஐயூஐயோ ஐவிஎஃப்போ பண்ணலாம், ஆள் டிக்கெட் போட்டு ஓடி வர வேண்டாம். ரெண்டு பேரும் ஒப்புதல் கையெழுத்து போடணும், அதனால ஃபார்ம் எல்லாம் ஆள் ஃபிளைட் ஏறறதுக்கு முன்னாடி வாங்கி முடிச்சிருங்க, வருசா வருசம் வைக்கற வாடகை எவ்வளவுன்னும் அப்பவே கேட்டுக்கோங்க.