எக்ஸ்டிஜி-யூசர்-டிர்: மூன்று வருடப் பழக்கமும் ஒரு 'எஸ்' எழுத்தும்

ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து ஓடும் உபுண்டு லினக்ஸ் கணினிகளுக்கு, வேலைகளைத் தானாகச் செய்யும் ஒரே ஸ்கிரிப்ட் எழுத முடியுமா என்று நண்பன் போன வாரம் கேட்டான். புதுச்சேரியில் மூன்று வருடமாக நான் மேய்ப்பதும் அதே கலவையைத்தான்.

பிரெஞ்சு மொழியில் அமைத்த கணக்கில் டெஸ்க்டாப் என்று ஒரு ஃபோல்டரே இருக்காது; அதன் பெயர் 'ப்யூரோ'. டவுன்லோட்ஸ் அங்கே 'தெலேஷார்ஷ்மான்'. விண்டோஸ் இந்தத் தொல்லையிலிருந்து விஸ்டாவோடு கழன்றுகொண்டது: வட்டில் ஆங்கிலப் பெயர், திரையில் மட்டும் உள்ளூர் மொழி. லினக்ஸில் வட்டிலேயே மாறிவிடும்.

அதனால் பாதையைக் கையால் எழுதாமல் எக்ஸ்டிஜி-யூசர்-டிர் கட்டளையிடம் கேட்பேன். ஃபோல்டர் எந்த மொழியில் இருந்தாலும் முழுப் பாதையைத் தந்துவிடும். திறந்து பார்த்தால் சில வரி ஷெல் ஸ்கிரிப்ட்தான். என் ஸ்கிரிப்டுகளில் மொழிக்கென்று ஒரு 'இஃப்' நிபந்தனைகூடக் கிடையாது. அந்தச் சுகம் தனி.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் என்று பன்மையில் கேட்க வேண்டும். டவுன்லோட் மட்டும் ஒருமை! 'டவுன்லோட்ஸ்' என்று கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லாது, பிழைக் குறியும் தராது. பேசாமல், பயனரின் எல்லாக் கோப்புகளும் இருக்கும் ஹோம் ஃபோல்டரை எடுத்து நீட்டும். 30 நாளுக்கு மேல் பழைய கோப்புகளை அழிக்கும் ஸ்கிரிப்டில் நான் அந்த 'எஸ்'ஸைச் சேர்த்துவிட்டேன். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் ஜன்னலைப் புதிதாகத் திறந்தபோது பிராம்ப்ட் வரி நிறமிழந்து நின்றது: அதன் அமைப்புகளை வைத்திருக்கும் பேஷ்ஆர்சி கோப்பு போயிருந்தது. அப்புறம் பார்த்தால் வேறு கணினிகளுக்குள் நுழைய வைத்திருந்த எஸ்எஸ்எச் சாவிக் கோப்புகளும் இல்லை. நல்லவேளை, முதலில் ஓட்டியது என் சொந்தக் கணக்கில்.

எழுத்துப் பிழை இல்லாவிட்டாலும் நிம்மதி கிடையாது. யாராவது அந்த ஃபோல்டரையே அழித்துவிட்டால், அடுத்த முறை உள்நுழையும்போது அதன் பதிவு ஹோமுக்கு மாறிவிடும். கிடைத்த பாதை ஹோமா என்று பார்த்து, ஆமாம் என்றால் அங்கேயே நிறுத்த ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

தாராளமாகப் பயன்படுத்து, இதைவிட நல்ல வழி இல்லை என்று நண்பனிடம் சொல்லிவிட்டேன். என்னுடைய அழிக்கும் ஸ்கிரிப்டில் மட்டும் 'தெலேஷார்ஷ்மான்' கையால்தான் எழுதியிருக்கிறது, முதல் இரண்டு 'ஈ'க்கும் தலையில் கோடு போட்டு.