ஹெலிகேமோடு லைசென்ஸும் சேர்த்துத் தருகிறோம் என்றால் கொஞ்சம் நில்லுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும், ஹெலிகேம், அதாவது கேமரா ட்ரோன் ஒன்று சொந்தமாக வாங்கிவிடலாம் என்று இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியவர்களுக்காக. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் ஒரு பேக்கேஜ் சுற்றிக்கொண்டிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள செகண்ட் ஹேண்ட் ட்ரோன், மூன்று பேட்டரி, அரசுப் பதிவு எண், கூடவே ‘கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்’. எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய். நான் பணம் கட்டி வாங்கினேன். ட்ரோன் பறக்கிறது, படமும் பளிச்சென்று வருகிறது. பதிவு எண் போலி, லைசென்ஸ் போலி. அந்த இரண்டும் இல்லாமல் அந்த ட்ரோனை வைத்து ஒரு ரூபாய்கூடச் சட்டப்படி சம்பாதிக்க முடியாது.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது என்பது ஒரு காரணம். இந்த வியாபாரத்தைச் செய்பவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை என்பது இன்னொரு காரணம். ஒரு பெயரைத் தவிர்த்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் போய் மாட்டிக்கொள்வதில் யாருக்கும் லாபம் இல்லை.

வாங்கும் முன் நான் கேட்ட முதல் கேள்வியே சட்டம் பற்றியதுதான். "போலீஸ் பிடிப்பாங்களாண்ணா?" என்றேன். "ரெண்டு கிலோ வரைக்கும் லைசென்ஸே தேவையில்லீங்க தம்பி, ரூல்ஸ்லயே இருக்குது" என்று போனில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். அப்படியானால் லைசென்ஸுக்கு எதற்குத் தனியாக 25,000 ரூபாய் என்று கேட்டேன். "அது பார்ட்டிக்கிட்ட காட்டறதுக்கு. கம்பெனி ஆர்டர் எல்லாம் எடுக்கணும்ல?" என்றார். இரண்டு பதிலும் தனித்தனியாகக் கேட்டால் நியாயமாகத்தான் படும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். முதல் பதில் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிறவருக்கான விதி. இரண்டாவது, தொழில் செய்கிறவரிடம் பிடுங்கும் காசு. சலுகை எல்லாம் பொழுதுபோக்குக் கணக்கில் சொல்வார்கள், பொருளை மட்டும் தொழில் கணக்கில் விற்பார்கள்.

விதி என்ன என்று பார்ப்போம். இந்தியாவில் இப்போது நடப்பில் இருப்பவை 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள். எடையை வைத்துப் பிரிக்கிறார்கள். 250 கிராம் வரை நேனோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 2 முதல் 25 கிலோ வரை ஸ்மால், அதற்கு மேலும் இரண்டு பிரிவுகள். நம் கல்யாணத் தொழிலில் ஓடுகிற எல்லாம் நேனோ அல்லது மைக்ரோ. நேனோ ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவுக்கும் தேவையில்லை, ஆனால் வணிக நோக்கம் இல்லாமல் ஓட்டினால் மட்டும். இந்தக் கடைசிப் பாதியைத்தான் கடைக்காரர் போன் திரையில் கட்டைவிரலால் தள்ளிவிட்டார். எனக்கு விற்றது 595 கிராம் மாடல். அதைக் கொண்டுபோய் முகூர்த்தத்துக்குக் காசு வாங்கிப் பறக்கவிட்டால் பைலட் சான்றிதழ் கட்டாயம்.

பதிவு எண் விஷயத்தில் பொழுதுபோக்கு, தொழில் என்ற பேதமே கிடையாது. யுஐஎன் என்கிற அந்தத் தனி அடையாள எண் இல்லாமல் 595 கிராம் ட்ரோனை வயல்வெளியில் சும்மா பறக்கவிடுவதும் விதிமீறல்தான். மூன்றாம் தரப்புக் காப்பீடும் அப்படியே. நேனோவுக்கு மட்டும்தான் அதில் விலக்கு. விதியை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

இனி அந்த ‘லைசென்ஸ்’ கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே ஒரு காலி லேஅவுட். ஒரு கூட்டமே வந்திருந்தது. ஆளுக்கு ஒரு பேட்டரிகூட முழுதாக ஓட்டக் கிடைக்கவில்லை. மதியம் சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் போட்டோ, ஹாலோகிராம், க்யூஆர் கோடு எல்லாம் வைத்த ஒரு பிளாஸ்டிக் கார்டு கைக்கு வந்தது. ‘மத்திய அரசு பதிவு பெற்ற நிறுவனம்’ என்று மேலே கொட்டை எழுத்து. கீழே பொடி எழுத்தில் ஒரு பதிவு எண். பிறகு பார்த்தால் அது சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு எண். மாவு மில் வைத்திருப்பவரும் இணையத்தில் இலவசமாக வாங்கிக்கொள்ளக்கூடியது அது. ட்ரோன் பயிற்சிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அவர்களுடைய சொந்த இணையதளமே திறந்து, என் பெயருக்கு நேராகப் பச்சை டிக் காட்டும். தனக்குத் தானே சாட்சி.

கார்டில் ‘செல்லுபடியாகும் காலம்: ஆயுட்காலம்’ என்று இருந்தது. உண்மையான பைலட் சான்றிதழுக்கு ஆயுள் 10 ஆண்டு. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின், அதாவது டிஜிசிஏ-வின், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனம் மட்டுமே அதைக் கொடுக்க முடியும். அதுவும் அரசின் தளம் வழியாகத்தான் வரும். வயது 18 முதல் 65-க்குள், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அந்த நிறுவனத்திலேயே பயிற்சி, தேர்வு எல்லாம் உண்டு. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசே பொதுவில் வைத்திருக்கிறது. என் கார்டைக் கொடுத்தவர்கள் அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் பாஸ்போர்ட். "கவர்மெண்ட் லைசென்ஸுக்குப் பாஸ்போர்ட் கேப்பாங்க, நாங்க ஆதார் வெச்சே முடிச்சுத் தர்றோம்" என்பதுதான் அவர்களுடைய பெரிய தூண்டில். 2023 செப்டம்பரில் செய்த திருத்தத்திலேயே பாஸ்போர்ட் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டார்கள். அரசு கொடுத்த அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் இருந்தால் போதும். இல்லாத ஒரு தடையைக் காட்டி, அதைத் தாண்டிவிடக் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள்.

வெளிச்சத்துக்கு வந்தது எப்படி என்றால், பெருந்துறை பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு விளம்பரப் படம். பேசி முடித்த பிறகு அவர்களுடைய பாதுகாப்பு அதிகாரி மூன்று காகிதம் கேட்டு மெயில் போட்டார்: யுஐஎன், பைலட் சான்றிதழ், காப்பீடு. கல்யாண வீட்டில் யாரும் இதைக் கேட்பதில்லை. மாப்பிள்ளை குதிரையில் வருவதை மேலேயிருந்து எடுப்பீர்களா என்றுதான் கேட்பார்கள். கம்பெனிக்காரர்கள் கேட்பார்கள். காப்பீடு இல்லையே என்று ஒரு ஏஜென்டைப் பிடித்தேன். அவர் யுஐஎன் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, "ட்ரோன்ல பேட்டரி மாட்டற இடத்துக்குள்ள ஒரு சீரியல் நம்பர் இருக்கும், படம் எடுத்து அனுப்புங்க சார்" என்றார். சான்றிதழில் இருந்தது வேறு எண். மாடல் பெயரும் வேறு. வேறு யாருடைய ட்ரோனுக்கோ கொடுத்த பதிவை எடுத்து, பெயரை மட்டும் மாற்றிப் பிடிஎஃப் ஆக்கியிருந்தார்கள். ட்ரோனின் மேல் அழகாக மஞ்சள் ஸ்டிக்கர் வேறு ஒட்டிக் கொடுத்திருந்தார்கள்.

யுஐஎன் என்பது வெறும் ஸ்டிக்கர் எண் கிடையாது. ட்ரோனின் சீரியல் எண், உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையின் எண், ரிமோட்டின் எண் மூன்றோடும் சேர்த்துக் கட்டியது அது. பழைய பைக் வாங்கினால் ஆர்.சி. புக்கை நம் பெயருக்கு மாற்றுவது போல, பழைய ட்ரோனுக்கும் டி-3 என்ற படிவத்தில் உரிமை மாற்றம் செய்ய வேண்டும். கட்டணம் வெறும் 100 ரூபாய். விற்பவர் உண்மையான உரிமையாளராக இருந்தால் இதில் தயங்குவதற்கு ஒன்றுமே இல்லை. நான் டி-3 பற்றிக் கேட்டபோது கடைக்காரர் சொன்னது: "அதெல்லாம் சர்வர் டவுனுங்க தம்பி." மாதக்கணக்கில் சர்வர் டவுன்.

ட்ரோன் எங்கிருந்து வந்தது என்பதும் பிறகுதான் புரிந்தது. 2022 பிப்ரவரி 9 அன்று வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்துவிட்டது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. ஆகவே அதற்குப் பிறகு வெளிவந்த மாடலை ஒருவர் ‘சீல் பிரிக்காத புதுசு’ என்று நீட்டினால், அது பெரும்பாலும் குருவி (வெளிநாட்டிலிருந்து கள்ளத்தனமாகப் பொருள் கொண்டுவருபவர்) கொண்டுவந்த சரக்குதான். பில் இருக்காது, வாரண்டி இருக்காது. எனக்குக் கொடுத்தது ‘பயிற்சிக் கட்டணம்’ என்று எழுதிய ஒரே ரசீது. 1,40,000 ரூபாய்க்கும் அதுதான். ட்ரோன் என்ற சொல்லே அதில் இல்லை. மைக்ரோ பிரிவில் அந்த மாடலுக்கு டைப் சர்டிபிகேட் என்ற தரச் சான்று இல்லாவிட்டால் இப்போது புதிதாக யுஐஎன் வாங்கவும் வழி கிடையாது. அதாவது நான் இனிமேல் நேர்மையாகப் போய்ப் பதிவு செய்ய நினைத்தாலும் இந்த ட்ரோனுக்கு முடியாது.

கடைக்குப் போய்ப் பணத்தைக் கேட்டபோது அவர் கோபப்படவே இல்லை. டீ சொல்லிவிட்டு ஒரு யோசனை சொன்னார். "யாராவது கேட்டா ஹாபின்னு சொல்லிருங்க. காசு வாங்கறது யாருக்குத் தெரியப்போகுது?" மண்டபத்தில் கேமரா யூனிட்டோடு நின்றுகொண்டு, ஸ்டுடியோ பெயர் போட்ட டி-ஷர்ட்டோடு, ஹாபி என்று யாரிடம் சொல்வது? சரி, போலீஸ் நம்பினார் என்றே வைத்துக்கொள்வோம். கூட்டத்தில் ட்ரோன் விழுந்து யாருக்காவது அடிபட்டால் காப்பீடு ஏது?

இன்னொன்றையும் இவர்கள் சொல்லித் தரவில்லை. பறக்கும் இடம். அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடம் இருக்கிறது. பச்சையில் 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை அனுமதி இல்லாமல் 200 அடிக்கு மேல் போகக் கூடாது, 8 கிலோமீட்டருக்குள் மஞ்சள் (அனுமதி வாங்கித்தான் பறக்கலாம்), 5 கிலோமீட்டருக்குள் சிவப்பு. கோவை விமான நிலையம் பீளமேட்டில். அவிநாசி ரோட்டில் ஹோப்ஸ், சின்னியம்பாளையம் என்று எத்தனை மண்டபங்கள் அந்தச் சிவப்பில் விழுகின்றன என்று நீங்களே திறந்து பாருங்கள். சூலூரில் விமானப்படைத் தளம் வேறு. நாள் குறித்த மண்டபம் சிவப்பில் இருந்தால் உண்மையான சான்றிதழ் கையில் இருந்தாலும் மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. முன்பணம் வாங்கும் முன்பே பார்ட்டியிடம் சொல்லிவிடுவது நல்லது. ட்ரோனின் செயலி தடுக்கவில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செயலி அந்த நிறுவனத்துடையது, வரைபடம் அரசுடையது.

அப்போ 249 கிராம் மாடல் வாங்கிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். எனக்கும் இப்போது அதுதான் சரியாகப் படுகிறது. பைலட் சான்றிதழ், டைப் சர்டிபிகேட், காப்பீடு மூன்றிலும் நேனோவுக்கு விலக்கு உண்டு, காசு வாங்கி எடுத்தாலும். ஆனால் இங்கேயும் கடைக்காரர்கள் ஒரு வேலை செய்கிறார்கள். மினி 3 ப்ரோ, மினி 4 ப்ரோ மாதிரியான மாடல்களுக்கு ‘ப்ளஸ்’ என்று பெரிய பேட்டரி வரும். அதிக நேரம் பறக்கும் என்று காம்போவில் அதையே மாட்டிக் கொடுப்பார்கள். அதைப் போட்டால் எடை சுமார் 290 கிராம். விதி பார்ப்பது பெட்டியில் அச்சடித்த எடையை இல்லை, பறக்கும்போது உள்ள மொத்த எடையை. பேட்டரி மாறியதும் நேனோ மைக்ரோவாகிவிடுகிறது. இறக்கைக்குக் காப்பு வளையம் போட்டாலும் 250-ஐத் தாண்டிவிடும். ஒரு சமையலறைத் தராசு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இறக்குமதித் தடை நேனோவுக்கும் சேர்த்துத்தான், அதனால் பில் கேட்பதை விடாதீர்கள்.

அமெரிக்க யூடியூப் வீடியோக்களைப் பார்த்து ஒப்பிடாதீர்கள் என்று ஒரு வார்த்தை. அங்கே 250 கிராமுக்குக் கீழே இருந்தாலும் தொழிலுக்குப் பறக்கவிட்டால் பைலட் சான்றிதழ் எடுத்தாக வேண்டும். இங்கே கணக்கு வேறு.

முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே அங்கீகாரம் பெற்ற இடங்கள் இருக்கின்றன. பணம் கட்டும் முன் நிறுவனத்தின் பெயரை டிஜிசிஏ பட்டியலில் எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். ஒரே மாதிரி பெயர் வைத்து ஏமாற்றுவதும் நடக்கிறது.

இப்போது என் புகாரின் நிலை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். கடையிலிருந்து வந்த பதிலைப் படித்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ‘இவர் வணிக நோக்கத்துக்கு வாங்கியிருக்கிறார், ஆகவே நுகர்வோர் ஆக மாட்டார்.’ போலீஸ் கேட்டால் ஹாபி என்று சொல்லச் சொன்ன அதே ஆள்! நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இதற்குப் பதில் வைத்திருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்த மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் ‘வணிக நோக்கம்’ என்ற விலக்கில் வராது. தனி ஆளாக வீடியோ எடுத்துச் சாப்பிடுகிற நமக்கு அந்த விளக்கம் பொருந்தும் என்றுதான் வழக்கறிஞர் சொல்கிறார். மாவட்ட ஆணையத்தில் மனு போட்டாயிற்று. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது.

அந்த ஹாலோகிராம் கார்டும் மஞ்சள் ஸ்டிக்கரும் வைத்திருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருப்பீர்கள். ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். ட்ரோனைத் திருப்பிக் கொடுத்தால் பாதிப் பணம் தருகிறேன் என்று கடைக்காரர் இப்போது சிலரிடம் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. எழுத்தில் வாங்காமல் பொருளைக் கொடுத்துவிடாதீர்கள். நுகர்வோர் புகாருக்குக் கெடு இரண்டு ஆண்டு.